கோட் ஜாம் போச்சு, அடுத்து எங்க? கோடிங் போட்டி பத்தி வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல கோடிங் கான்டெஸ்ட் (குடுத்த நேரத்துக்குள்ள புரோகிராம் எழுதி கணக்குக்கு விடை கண்டுபிடிக்கற போட்டி) பத்தினதுதான், ப்ளேஸ்மென்ட் சீசன் நெருங்குதுன்னு இதுலயே தெரியுது. அதனால மொபைல் வாங்கலாமா, வைஃபை ஏன் ஸ்லோன்னு கேட்டவங்க எல்லாம் அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கோங்க, இன்னைக்கு முழுக்க போட்டி மட்டும்தான்.

கேள்வி: கூகுள் கோட் ஜாம்ல ஜெயிச்சா கூகுள்லயே வேலைன்னு சீனியர் அண்ணா சொன்னாரு. இந்த வருஷம் ரெஜிஸ்ட்ரேஷன் எப்போ சார்? (திருச்சி, பி.இ. இரண்டாம் வருஷ மாணவர்)

உங்க அண்ணா பாஸ் அவுட் ஆகி கொஞ்ச நாள் ஆயிருக்கும்னு நினைக்கிறேன் தம்பி. கோட் ஜாம் 2023-லயே முடிஞ்சு போச்சு. 2003-ல ஆரம்பிச்சு 20 வருஷம் ஓடின போட்டி, அதோட சேர்த்து கிக் ஸ்டார்ட், ஹாஷ் கோட்னு இன்னும் ரெண்டையும் கூகுள் ஒரே வருஷத்துல மூடிடுச்சு. பெலாரஸ் நாட்டுக்காரர் ஜென்னாடி கொரொட்கேவிச், நெட்ல 'டூரிஸ்ட்'னு சொன்னாதான் எல்லாருக்கும் தெரியும், 2014-ல இருந்து 2020 வரைக்கும் ஏழு வருஷம் விடாம அவர்தான் சாம்பியன், மத்தவங்க எல்லாம் ரெண்டாவது இடத்துக்குத்தான் போட்டி போட்டாங்கன்னு சொல்லணும்.

ஜெயிச்சா வேலைங்கறது அப்பவும் நேரடி ரூல் கிடையாது. கம்பெனி எதுக்கு காசு செலவு பண்ணி இதை நடத்துதுன்னு யோசிச்சுப் பாருங்க, உலகம் முழுக்க நல்லா கோட் எழுதற ஆயிரக்கணக்கான பேரோட பேரும் இமெயிலும் ஒரே லிஸ்ட்ல கைக்கு வருது, பேரும் பரவுது. நல்ல ரேங்க் வந்தவங்களுக்கு ரெக்ரூட்டர்கிட்ட இருந்து மெயில் வந்தது உண்மை, ஆனா அதுக்கு அப்புறம் இன்டர்வியூ எல்லாம் எல்லாருக்கும் மாதிரிதான். அப்புறம் என்னைக்கு அந்த லிஸ்ட் தேவையில்லன்னு கம்பெனிக்கு தோணுதோ அன்னைக்கு போட்டியும் போயிடும், கோட் ஜாமே சாட்சி.

இப்போ பெரிய வெப் கம்பெனி நடத்தறதுல மிச்சம் இருக்கற முக்கியமானது மெட்டாவோட ஹேக்கர் கப், 2011-ல ஃபேஸ்புக் ஹேக்கர் கப்னு ஆரம்பிச்சது. சமீப வருஷங்கள்ல பெரும்பாலும் வருஷக் கடைசியிலதான் ரவுண்டுகள் நடக்குது. கோட் ஜாம் போனாலும் அதோட பழைய கேள்விகளை கூகுள் கிட்ஹப்ல (கோடை எல்லாரும் பார்க்கற மாதிரி போட்டு வைக்கிற சைட்) போட்டு வச்சிருக்கு, விடை விளக்கத்தோட. என்னைக் கேட்டா அந்த போட்டியில இருந்து நமக்கு கிடைச்ச உருப்படியான சொத்து அதுதான்.

கேள்வி: ஹேக்கர் கப்ல கோடை சப்மிட் பண்ணா அவங்க சர்வர்ல ரன் பண்ண மாட்டாங்களாமே, நம்ம லேப்டாப்லயே ஓட்டணுமாம். அப்போ ஏமாத்தலாமே? எப்படித்தான் நடத்தறாங்க? (கோயம்புத்தூர் வாசகி)

நல்ல கேள்வி. மத்த சைட்ல நீங்க கோடை அனுப்பினா அவங்க மெஷின்ல ஓட்டி, செகண்ட் கணக்கு பார்த்து, சரி தப்புன்னு உடனே சொல்லிடுவாங்க. இங்க ஆரம்பத்துல இருந்தே வேற வழி, இன்புட் ஃபைலை உங்ககிட்ட குடுப்பாங்க, கைக்கு வந்த நொடியில இருந்து ஆறு நிமிஷம் டைமர் ஓடும், அதுக்குள்ள உங்க மெஷின்ல உங்க புரோகிராமை ஓட்டி விடையையும் கோடையும் சேர்த்து ஏத்தணும். இப்போ முதல்ல ஒரு சின்ன செக்கிங் ஃபைல் குடுத்து அதுல சரியா வந்தா மட்டும்தான் பெரிய ஃபைலுக்கு விடறாங்க. சரியா தப்பான்னு ரவுண்டு முடியற வரைக்கும் சொல்ல மாட்டாங்க, அதுதான் வயித்தை கலக்கும்.

ஆறு நிமிஷம் தாராளமாச்சேன்னு தோணும். 2011 தகுதிச் சுற்றுல வந்த ஒரு கணக்கை பாருங்க. ஒரு எண்ணை ரெண்டு வர்க்கத்தோட கூட்டலா எத்தனை விதமா எழுதலாம், அவ்வளவுதான் கேள்வி. 10-ன்னா மூணோட வர்க்கம் 9, ஒண்ணோட வர்க்கம் 1, ஒரே வழி. 25-ன்னா 16-ம் 9-ம் ஒரு வழி, 25-ம் பூஜ்யமும் இன்னொரு வழி, ஆக ரெண்டு. எட்டாங்கிளாஸ் பிள்ளை கூட போட்டுடும். ஆனா எண் 2147483647 வரைக்கும் போகலாம், ஒரு ஃபைல்ல இந்த மாதிரி 100 எண் வரைக்கும் இருக்கலாம்.

முதல்ல தோணற வழி ரெண்டு லூப் (ஒவ்வொரு எண்ணா வச்சு திரும்பத் திரும்ப ஓடற கோட்), முதல் எண்ணுக்கு ஒண்ணு, ரெண்டாவது எண்ணுக்கு ஒண்ணு. அந்த பெரிய எண்ணோட வர்க்கமூலம் 46340 சொச்சம், அப்போ ஒரு எண்ணுக்கே 46 ஆயிரத்தை 46 ஆயிரத்தால பெருக்கினா கிட்டத்தட்ட 215 கோடி ஸ்டெப், நூறு எண் இருந்தா 21 ஆயிரம் கோடிக்கு மேல. ஒரு செகண்டுக்கு 10 கோடி சின்ன ஸ்டெப்னு தோராயமா கணக்கு வச்சுக்குவாங்க, அப்படிப் பார்த்தா அரை மணி நேரம் தாண்டிடும், ஆறு நிமிஷத்துல டைமர் பல்லிளிச்சிடும். ரெண்டாவது லூப் எதுக்குன்னு ஒரு நிமிஷம் யோசிச்சா போதும், முதல் எண் தெரிஞ்சா ரெண்டாவது எண்ணோட வர்க்கம் இவ்வளவுதான்னு கழிச்சாலே வந்துடுமே, அது முழு வர்க்கமான்னு மட்டும் பார்த்தா போச்சு. இப்போ நூறு எண்ணுக்கும் சேர்த்து 46 லட்சம் ஸ்டெப், என்டர் தட்டி கையை எடுக்கறதுக்குள்ள விடை வந்துடும்.

ஆனா பொறி வேற இடத்துல இருக்கு. 2147483647-ங்கறது சும்மா எடுத்த எண் இல்ல, ஜாவாவுல முழு எண்ணை வைக்கிற சாதாரண 'இன்ட்' வகை தாங்கற உச்சம் அதுதான், சி ப்ளஸ் ப்ளஸ்லயும் நம்ம மெஷின்கள்ல அதேதான். லூப்ல "இந்த எண்ணோட வர்க்கம் கொடுத்த எண்ணை தாண்டாத வரைக்கும் ஓடு"ன்னு இன்ட் வச்சு எழுதியிருந்தீங்கன்னா, 46341-ஓட வர்க்கம் 2147488281, அது இன்ட்ல அடங்காது, ஜாவாவுல சுத்திக்கிட்டு மைனஸ்ல போய் விழும். இன்ட்ல எந்த எண்ணுமே 2147483647-ஐ தாண்ட முடியாதே, அதனால லூப் நிக்கவே நிக்காது. டைமர் ஓடுது, ஸ்க்ரீன் அசையாம நிக்குது, எங்க தப்புன்னே புரியாது. இன்னும் பெரிய எண் பிடிக்கிற லாங் லாங்னு (ஜாவான்னா லாங்னு) மாத்தியிருந்தா முடிஞ்சிருக்கும். கேள்வி எழுதறவங்க வேணும்னேதான் இப்படி எல்லையில கொண்டு வந்து நிறுத்துவாங்க, அதனால கேள்வியைப் படிக்கும்போது கதையை விட கடைசியில இருக்கற எண் அளவுகளை முதல்ல படிக்கிற பழக்கம் வேணும்.

ஏமாத்தறது பத்தி: இன்புட்டை பார்த்து கையால விடை எழுத முடியாது, ஃபைல் அவ்வளவு பெருசு. கோடும் சேர்த்து வாங்கி வச்சுக்கறாங்க, ரெண்டு பேர் கோட் ஒண்ணா இருந்தா மாட்டிக்குவாங்க.

கேள்வி: என் பையன் பி.டெக். படிக்கிறான். வாரத்துல மூணு நாள் ராத்திரி சாப்பாட்டு நேரத்துல கான்டெஸ்ட்னு கதவை சாத்திக்கறான். ரெண்டு அரியர் வேற இருக்கு. இதனால உண்மையிலயே வேலை கிடைக்குமா, இல்ல கேம் மாதிரி ஏதாவதா? (நாகர்கோவில், ஒரு அம்மா)

அம்மா, கேம் இல்ல, பயப்படாதீங்க. புதன்கிழமை எட்டு மணின்னா கோட்செஃப் ஸ்டார்ட்டர்ஸ், வேற நாள் எட்டு அஞ்சுக்கு உக்காந்தான்னா கோட்ஃபோர்சஸ், அது ரஷ்யாக்காரங்க ஆரம்பிச்ச சைட், அவங்க சாயங்கால நேரம் நமக்கு ராத்திரி சாப்பாட்டு நேரமா வந்து விழுது. ரெண்டு மணி நேரம், ரெண்டரை மணி நேரத்துல முடிஞ்சிடும், தட்டுல மூடி வச்சுடுங்க.

வேலை விஷயம் சொல்றேன். நம்ம ஊர்ல கம்பெனிங்க முதல் வடிகட்டலுக்கு ஆன்லைன் கோடிங் டெஸ்ட்தான் வைக்கிறாங்க, அதுல வர்ற கேள்வி ஏறக்குறைய இந்த கான்டெஸ்ட் கேள்விகளோட தம்பிங்கதான், அதனால இதுல பழகினவன் அங்க பதறாம எழுதுவான். அந்த டெஸ்ட் நடத்தற சைட்கள்ல பேர் போன ஹேக்கர்ரேங்க் நம்ம திருச்சி என்.ஐ.டி.-ல படிச்ச ரெண்டு பேர் ஆரம்பிச்சதுதான், தெரியுமா? நேரா வேலையோட தொடர்புள்ள போட்டிகளும் உண்டு, டிசிஎஸ் 2012-ல இருந்து கோட்விட்டா நடத்துது, அதுல நல்லா பண்ணவங்களை இன்டர்வியூவுக்கு கூப்பிடறாங்க, ஃப்ளிப்கார்ட் கிரிட்னு இன்ஜினியரிங் பசங்களுக்குன்னே ஒண்ணு நடத்துது.

ஆனா அரியர் இருக்கறவனை பல கம்பெனி டெஸ்ட்லயே உக்கார விடாது, ரேட்டிங் (கான்டெஸ்ட்ல எப்படி பண்றான்னு பார்த்து சைட் போடற மார்க்) எவ்வளவு இருந்தாலும் சரி. அதை பையன்கிட்ட நீங்க சொன்னா கேக்க மாட்டான், இந்தப் பக்கத்தை காட்டுங்க. மூணு நாளை ஒரு நாளா குறைச்சுக்கட்டும், அரியரை முடிச்சிட்டு மறுபடி மூணு நாள் உக்காரட்டும்.

கேள்வி: பைத்தானா, சி ப்ளஸ் ப்ளஸ்ஸா, ஜாவாவா? (பெயர், ஊர் இல்லை)

உங்களுக்கு எது கைவாக்கா வருதோ அது. ஹேக்கர் கப்ல எந்த லாங்குவேஜும் ஓகே, உங்க மெஷின்தானே. மத்த சைட்ல பைத்தான் மெதுவா ஓடி டைம் லிமிட்ல அடி வாங்கும், பைத்தானையே வேகமா ஓட்டற பைபைன்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அதை செலக்ட் பண்ணா பல கேள்வி தப்பிச்சிடும். ஜாவாவுல ஸ்கேனர் வச்சு லட்சக்கணக்கான எண்ணைப் படிச்சீங்கன்னா படிக்கிறதுக்கே நேரம் போயிடும், பஃபர்டு ரீடர் பழகிக்கோங்க. சீரியஸா பல வருஷம் ஆடப்போறீங்கன்னா சி ப்ளஸ் ப்ளஸ், விவாதம் வேண்டாம்.

கேள்வி: நெட்ஃப்ளிக்ஸ் ஒரு போட்டிக்கு பத்து லட்சம் டாலர் குடுத்துச்சுன்னு ஒரு ரீல்ஸ்ல பார்த்தேன். உண்மையா? இப்பவும் நடக்குதா? (மதுரை வாசகர்)

குடுத்தது உண்மை, இப்போ நடக்கல, ஏன் நடக்கலங்கறதுதான் சுவாரஸ்யமான கதை. 2006 அக்டோபர்ல நெட்ஃப்ளிக்ஸ் டிவிடியை தபால்ல அனுப்பற கம்பெனியா இருந்துச்சு, யாருக்கு எந்த படம் பிடிக்கும்னு கணிக்க சினிமேட்ச்னு ஒரு சிஸ்டம் வச்சிருந்தாங்க, அதை விட 10 சதவீதம் துல்லியமா கணிச்சு காட்டறவங்களுக்கு பத்து லட்சம் டாலர்னு அறிவிச்சாங்க. நாலு லட்சத்து எண்பதாயிரம் பேர் 17,770 படங்களுக்கு குடுத்த பத்து கோடி ஸ்டார் ரேட்டிங்கை, பேரை எடுத்துட்டு நம்பர் மட்டும் போட்டு எல்லாருக்கும் டவுன்லோடு பண்ண குடுத்துட்டாங்க.

10 சதவீதம் என்ன பெருசுன்னு தோணும், அதுக்கு கிட்டத்தட்ட மூணு வருஷம் ஆச்சு. முதல் எட்டு சதவீதம் ஒரு வருஷத்துல வந்துடுச்சு, மிச்சம் கொஞ்சத்துக்குத்தான் நாக்கு தள்ளிடுச்சு, தனித்தனியா மோதிக்கிட்டிருந்த டீமெல்லாம் ஒண்ணா சேர ஆரம்பிச்சாங்க. கடைசியில 2009 ஜூலையில ரெண்டு டீம் ஒரே மார்க், நாலாவது தசம ஸ்தானம் வரைக்கும் ஒண்ணு, முதல்ல சப்மிட் பண்ணது யாருன்னு பார்த்தாங்க, பெல்கார்ஸ் பிராக்மேட்டிக் கேயாஸ்ங்கற டீம் இன்னொரு டீமை விட 20 நிமிஷம் முன்னாடி அனுப்பியிருந்துச்சு. 20 நிமிஷம், பத்து லட்சம் டாலர்! எதிர் டீம்ல அன்னைக்கு யாராவது டீ குடிக்கப் போயிருந்தா பாவம்.

இதுல ரெண்டு சங்கதி. ஜெயிச்ச அந்த முழு சிஸ்டத்தை நெட்ஃப்ளிக்ஸ் பயன்படுத்தவே இல்ல, நூத்துக்கணக்கான மாடலை (கணிக்கிற முறைகளை) ஒண்ணா கோத்து வச்ச பூதம் அது, அதை நிஜ சர்வர்ல ஏத்தற உழைப்புக்கு கிடைக்கிற லாபம் போதாதுன்னு விட்டுட்டாங்க, முதல் வருஷ ப்ரோக்ரஸ் பரிசு வாங்கின 107 மாடல்ல இருந்து ரெண்டை மட்டும் எடுத்துக்கிட்டாங்க. ரெண்டாவது, பேரை எடுத்துட்டா போதும்னு குடுத்த அந்த டேட்டாவை, ஐஎம்டிபி-ங்கற சினிமா சைட்ல ஜனங்க வெளிப்படையா போட்டிருந்த ரேட்டிங்கோட ஒப்பிட்டு சிலர் யாருன்னு கண்டுபிடிக்க முடியும்னு டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்துல ரெண்டு பேர் நிரூபிச்சாங்க, அதுல ஒருத்தர் அர்விந்த் நாராயணன், நம்ம சென்னை ஐஐடி-ல படிச்சவர். நெட்ஃப்ளிக்ஸ் மேல கேஸ் போட்டாங்க, அறிவிச்சிருந்த ரெண்டாவது போட்டியை 2010-ல ரத்து பண்ணிட்டாங்க. ஒருத்தர் என்ன படம் பார்க்கிறார்ங்கறதுல இருந்தே அவரைப் பத்தி என்னவெல்லாம் தெரிஞ்சுக்கலாம்னு யோசிச்சா கேஸ் போட்டதுல தப்பே இல்ல.

இந்த மாதிரி டேட்டா போட்டி பிடிக்கும்னா இப்போ கேகிள்தான் இடம். 2010-ல ஆரம்பிச்சது, 2017-ல கூகுள் வாங்கிடுச்சு. ரெண்டு மணி நேரத்துல முடியாது, மாசக்கணக்குல ஓடும், நிதானமா வேலை பார்க்கிறவங்களுக்கு இது சரிப்படும்.

கேள்வி: ஏஐகிட்ட கேள்வியை ஒட்டினா விடை வந்துடுது. இனிமே இதெல்லாம் எதுக்கு? எங்க காலேஜ்ல பாதி பேர் அப்படித்தான் ரேட்டிங் ஏத்தறாங்க. (சேலம், மூணாவது வருஷ மாணவி)

உங்க கடுப்பு புரியுதும்மா. ஏஐ இதுல கில்லாடி ஆயிடுச்சுங்கறது நிஜம், 2025-ல காலேஜ் பசங்களோட உலகப் போட்டியான ஐசிபிசி ஃபைனல்ஸ் பாகுவுல நடந்துச்சு, அங்க முதலிடம் வந்த டீம் 12-ல 11 கேள்வி போட்டாங்க, அதே கேள்விகளை ஓபன்ஏஐ சிஸ்டம் 12-ம், கூகுளோட ஜெமினி 10-ம் போட்டுச்சு. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி டோக்கியோவுல ஆட்கோடர்ங்கற ஜப்பான் போட்டி சைட் நடத்தின பத்து மணி நேர போட்டியில போலந்துக்காரர் ஒருத்தர் ஏஐ-யை ரெண்டாவது இடத்துக்கு தள்ளி ஜெயிச்சாரு, அங்க ஒரே சரியான விடைன்னு கிடையாது, முடிஞ்ச வரைக்கும் நல்ல விடை தேடணும், அதுல மனுஷன் அன்னைக்கு தாக்குப் பிடிச்சாரு.

கோட்ஃபோர்சஸ், ஆட்கோடர் ரெண்டும் ஓடிக்கிட்டிருக்கற போட்டியில ஏஐ வச்சு விடை எடுக்கறதை தடை பண்ணிட்டாங்க, மெட்டா 2024-ல ஏஐ-க்குன்னே தனி ட்ராக் வச்சுச்சு. உங்க காலேஜ் பாதிப் பேரோட கதை, கேமரா ஆன் பண்ணி ஒருத்தர் எதிர்ல உக்காந்து "இந்த வரி எதுக்கு எழுதினீங்க"ன்னு கேக்கற அன்னைக்கு வெளிய வந்துடும். முந்தா நாள் வரைக்கும் டெலிகிராம்ல விடை வாங்கி ஒட்டினவங்களும் இதே கூட்டம்தான், புதுசா ஒண்ணும் மாறல. போட்டி முடிஞ்ச பிறகு ஏஐகிட்ட "என் வழி ஏன் தப்பு"ன்னு கேட்டு கத்துக்கோங்க, அது நல்ல டியூஷன் வாத்தியார்.

கேள்வி: நாலஞ்சு மாசமா கலந்துக்கறேன், எப்பவும் ஒண்ணு ரெண்டு கேள்வியோட நின்னுடுது. ரேட்டிங் ஏறவே இல்ல. விட்டுடலாமா? (ஈரோடு வாசகர்)

போட்டி முடிஞ்ச உடனே லேப்டாப்பை மூடிட்டு தூங்கப் போயிடறீங்க, சரியா? பெரும்பாலானவங்க அங்கதான் கோட்டை விடறாங்க. போட்டியில நீங்க போட்ட ரெண்டு கேள்வி உங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்சது, அதுல புதுசா கத்துக்க ஒண்ணும் இல்ல. மூணாவது கேள்வி, கைக்கு எட்டி வாய்க்கு எட்டாம போச்சே, அதுதான் உங்க பாடம். மறுநாள் அதை மட்டும் எடுங்க, ஒரு மணி நேரம் முட்டுங்க, வரலன்னா எடிட்டோரியலை (போட்டி நடத்தறவங்க போடற விடை விளக்கம்) முதல் பத்தி மட்டும் படிச்சிட்டு மூடிட்டு மறுபடி முட்டுங்க, கடைசியில கோடை பார்க்காம நீங்களே எழுதி அக்செப்டட் வாங்குங்க. இதுக்கு அப்சால்வ்னு பசங்க சொல்வாங்க. வாரம் நாலு போட்டி ஆடறதை விட ஒண்ணு ஆடி இதை பண்றது மேல்.

எதுல ஆடறதுன்னா, சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சரைக்கு ஆட்கோடர் பிகினர் கான்டெஸ்ட் இருக்கும், ஜப்பான்காரங்க நடத்தறது, 100 நிமிஷம், கேள்வி சுத்தமா இருக்கும், வளவளன்னு கதை கிடையாது, புதுசா வர்றவங்களுக்கு எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான். ஞாயிறு காலையில எட்டு மணிக்கு லீட்கோட், ஒன்றரை மணி நேரம், நாலு கேள்வி, இன்டர்வியூ வாடை அதிகம். கோட்ஃபோர்சஸ்னா சுலபமான பிரிவுகளான டிவ் ஃபோர், டிவ் த்ரீ-ல இருந்து ஆரம்பிங்க, ரேட்டிங் 1200-க்கு கீழன்னா பேர் சாம்பல் கலர்ல இருக்கும், உலகத்துல நிறைய பேர் அந்த கலர்தான், வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

கேள்வி: 'இன்டர்நேஷனல் கோடிங் ஒலிம்பியாட், எம்என்சி கம்பெனிகள் பார்ட்னர், நுழைவுக் கட்டணம் 999 ரூபாய், எல்லாருக்கும் சர்ட்டிஃபிகேட்'னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. சேரலாமா? (விழுப்புரம்)

வேண்டாம். மேல சொன்ன ஹேக்கர் கப், கோட்ஃபோர்சஸ், ஆட்கோடர், லீட்கோட் போட்டி எதுக்கும் ஒரு ரூபா கட்டணம் கிடையாது. எல்லாருக்கும் சர்ட்டிஃபிகேட்னா அந்த சர்ட்டிஃபிகேட்டுக்கு என்ன மதிப்புன்னு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க.

கேள்வி: டி-ஷர்ட்டாவது கிடைக்குமா? (தஞ்சாவூர், மூன்று பேர் சேர்ந்து அனுப்பியது)

கோட் ஜாம்ல கடைசி வருஷங்கள்ல ரெண்டாவது ரவுண்டுல முதல் 1000 ரேங்குக்கு குடுத்தாங்க, அதுக்காகவே ராத்திரி முழிச்சவங்க உண்டு. ஹேக்கர் கப்லயும் டி-ஷர்ட் குடுத்திருக்காங்க, அந்தந்த வருஷம் எந்த ரவுண்டு, எத்தனை ரேங்க்னு ரூல்ஸ் பக்கத்துல போட்டிருக்கும், பார்த்துக்கோங்க. ஃபார்ம்ல சைஸ் கேக்கும்போது ஒரு சைஸ் பெருசா போடுங்க, பார்சல் எப்ப வரும்னு சொல்ல முடியாது.